லினக்ஸுக்கு மாறுகிறவர் வாங்க வேண்டிய முதல் மேசைக் கணினி

கணினிக் கடையில் நுழைந்ததும் கேட்கப்படும் முதல் கேள்வி, "எவ்வளவுக்குள் வேண்டும்?" அடுத்த கேள்வி, "ஐ3 போதுமா, ஐ5 வேண்டுமா?" எந்த இயங்குதளம் போடப் போகிறீர்கள் என்று எவரும் கேட்பதில்லை. விண்டோஸ்தான் என்பது பேசாமலே முடிவாகிவிடுகிறது. விண்டோஸிலேயே தொடர்கிறவருக்கு அதனால் நட்டமில்லை. லினக்ஸுக்கு மாற முடிவு செய்தவர் மட்டும் அந்தக் கேள்வியைத் தானே தன்னிடம் கேட்டுக்கொண்டு, அதன் பிறகுதான் கடைப் படியேற வேண்டும். பெட்டியை வாங்கி வைத்துவிட்டு லினக்ஸைப் பற்றி யோசித்தால், கிடைக்காத வைஃபையோடும் ஊமையாகிவிட்ட ஸ்பீக்கரோடும் முதல் வாரம் கழியும். இரண்டாவது வாரம், "லினக்ஸ் நமக்குச் சரிப்பட்டு வராது" என்று பழைய இடத்துக்கே திரும்பிவிடுவார்கள். அப்படித் திரும்பியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோரை இடறிவிட்டது, வாங்கிய பெட்டிதான்.

இப்போது பலர் மாற நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக்கொண்டது. தனியாகப் பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு மட்டும் மேலும் ஓராண்டு பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு. விண்டோஸ் 11க்குப் போகலாம் என்றால், அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது. இன்டெல் செயலியாக இருந்தால் ஏறத்தாழ 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும் என்கிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கணினிகள் இந்த வாசலில் நின்றுவிடுகின்றன. ஒதுக்கப்பட்ட அந்தக் கணினிகள் லினக்ஸுக்கு எவ்வளவு பொருத்தமானவை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, கணினியில் நீங்கள் உண்மையாகச் செய்யும் வேலைகளை எழுதுங்கள். இணையம், மின்னஞ்சல், வீடியோ, கடிதம் தட்டச்சு, கணக்கு அட்டவணை, பிள்ளைகளின் பாடம் என்று இருந்தால் கவலையே இல்லை. ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் லினக்ஸில் அப்படியே கிடைக்கின்றன. எம்எஸ் ஆஃபீஸ் செய்யும் வேலையில் பெரும்பகுதியை லிப்ரே ஆஃபீஸ் செய்துவிடும். தாளில் டேலி, போட்டோஷாப், பேஜ்மேக்கர் என்ற பெயர்கள் வந்தால் நின்று யோசியுங்கள். இவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. போட்டோஷாப்புக்கு கிம்ப், பேஜ்மேக்கருக்கு ஸ்கிரைபஸ் என்று மாற்று உண்டுதான்; ஆனால் பத்தாண்டுப் பழக்கத்தில் அச்சு வேலை செய்கிறவரை ஒரே நாளில் மாறச் சொல்வது நியாயமில்லை. வரி, டெண்டர் வேலைகளுக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகுகிறவர்கள், அந்த டோக்கனைக் கொடுத்தவரிடமே லினக்ஸில் இயங்குமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். பிழைப்பு இவற்றில்தான் என்றால், அந்த வேலைக்கு ஒரு விண்டோஸ் கணினி வீட்டில் இருக்கட்டும். மற்ற எல்லாவற்றுக்கும் லினக்ஸ் இருக்கட்டும்.

இனி அடிப்படைக்கு வருவோம். எந்தக் கணினியை வாங்குவது என்பதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு கருத்து. அதற்குப் பெயர் டிரைவர்.

நாம் மொத்தப் பெட்டியையும் சிபியு என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதைத் திறந்து பார்த்தால் செயலி, மதர்போர்டு, ராம், வட்டு, மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ், வைஃபை அட்டை, ஒலிச் சில்லு என்று பல ஊர்க்காரர்கள் உள்ளே இருப்பார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு நிறுவனத்தில் பிறந்தவர். ஒவ்வொருவருக்கும் தனி மொழி. இயங்குதளம் என்பது இவர்களை வைத்து ஆட்சி நடத்தும் அரசு. ஆனால் அரசுக்கு எல்லா மொழியும் தெரிந்திருக்காது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச ஆள் வேண்டும். 18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் ஆளுநர் துய்ப்ளேக்கு ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்தார். துபாஷி இல்லாவிட்டால் பிரெஞ்சுக்காரர் சொல்வது ஊராருக்குப் புரியாது, ஊரார் சொல்வது பிரெஞ்சுக்காரருக்கு எட்டாது. டிரைவர் என்கிற சிறு மென்பொருள் கணினிக்குள் இருக்கும் துபாஷி. வைஃபை அட்டை பழுதில்லாமல் இருக்கலாம், இயங்குதளமும் நன்றாக இருக்கலாம். துபாஷி இல்லையென்றால் ஒருவர் இருப்பதே மற்றவருக்குத் தெரியாது.

விண்டோஸ் உலகில், பொருளைச் செய்கிற நிறுவனமே தன் துபாஷியையும் அனுப்பிவைக்கிறது. முன்பு குறுவட்டில் வந்தார், இப்போது விண்டோஸ் அப்டேட் வழியாக வருகிறார். உலகத்தின் மேசைக் கணினிகளில் பெரும்பான்மை விண்டோஸ் என்பதால், அவரை அனுப்பாமல் எந்த நிறுவனமும் பொருளை விற்க முடியாது. லினக்ஸில் ஏற்பாடு வேறு. இங்கே துபாஷிகளில் மிகப் பெரும்பாலோர் கெர்னல் என்ற மையப் பகுதிக்குள்ளேயே குடியிருக்கிறார்கள். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஹெல்சின்கியில் மாணவராக இருந்தபோது தொடங்கிய அந்தக் கெர்னலுக்கு, இன்று இன்டெல், ஏஎம்டி போன்ற நிறுவனங்களின் பொறியாளர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து டிரைவர்களை எழுதிச் சேர்க்கிறார்கள். இதில் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. கெர்னலுக்குத் தெரிந்த பொருளைச் செருகினால் எதையும் நிறுவ வேண்டாம், எந்தத் தளத்திலும் தேடிப் பதிவிறக்க வேண்டாம், உடனே வேலை செய்யும். சங்கடமும் ஒன்று உண்டு. கெர்னலுக்குத் தெரியாத பொருள் என்றால், முதல்முறை லினக்ஸுக்கு வருகிறவர் செய்யக்கூடியது அதிகமில்லை.

தெரியாமல் போவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பொருள் மிகப் புதியது. உபுண்டு 24.04 பதிப்பு 2024 ஏப்ரலில் வந்தபோது அதில் இருந்த கெர்னல் 6.8. ஏஎம்டியின் ரேடியான் 9070 வரிசை கிராஃபிக்ஸ் அட்டைகள் கடைக்கு வந்ததோ 2025 மார்ச்சில். ஓராண்டு கழித்துப் பிறக்கப்போகும் அட்டையின் மொழியை அந்தக் கெர்னல் எப்படி அறிந்திருக்கும்? பின்னால் வரும் கெர்னல்கள் கற்றுக்கொள்ளும். அதுவரை காத்திருக்க வேண்டும். இரண்டாவது காரணம், பொருளைச் செய்த நிறுவனம் அதன் மொழியை வெளியில் சொல்லாமல் வைத்திருப்பது. விலை மலிவான யூஎஸ்பி வைஃபை செருகிகளில் இதை நிறையக் காணலாம்.

என் வீட்டிலேயே இது நடந்தது. முதல் லினக்ஸ் கணினிக்கு வைஃபை இல்லையே என்று, விரல் நகத்தைவிடச் சற்றே பெரிய செருகி ஒன்றை வாங்கிவந்தேன். செருகினேன். திரையில் வைஃபை அடையாளம் வரவில்லை. குறுவட்டின் படம் வந்தது! திறந்து பார்த்தால் உள்ளே விண்டோஸுக்கான நிறுவல் கோப்பு. தன் விண்டோஸ் துபாஷியைத் தானே சுமந்துவந்து, குறுவட்டு வேடத்தில் நிற்கும்படி அந்தச் செருகியை வடிவமைத்திருந்தார்கள். லினக்ஸ் அதைக் குறுவட்டாகவே எடுத்துக்கொண்டது. இணையம் இருந்தால் தீர்வைத் தேடலாம், இணையத்துக்குத்தானே அந்தச் செருகியை வாங்கியது! கடைசியில் கைகொடுத்தது கைபேசி. அதை யூஎஸ்பி கம்பியால் கணினியோடு இணைத்து, அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கியதும் இணையம் வந்துவிட்டது. இந்த ஒரு வழியைக் கட்டாயம் நினைவில் வைத்திருங்கள். புதிய கணினியின் முதல் நாளில் இது பலரைக் காப்பாற்றியிருக்கிறது.

ஆகவே லினக்ஸுக்கு வாங்கும்போது, விண்டோஸுக்கு வாங்கும் புத்தி தலைகீழாக வேண்டும். நேற்று வெளியான மாடல் வேண்டாம். பல லட்சம் பேர் கையில் பல ஆண்டுகள் புழங்கிய, சாதாரணமான, எங்கும் கிடைக்கும் பொருளே வேண்டும். எல்லோர் கையிலும் இருக்கும் பொருளுக்குத்தான் முதலில் டிரைவர் எழுதப்படும், அதில்தான் பிழைகள் முதலில் களையப்படும்.

இந்த விதிக்கு அச்சாகப் பொருந்துவது அலுவலகங்களிலிருந்து கழித்து வரும் கணினிகள். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், புரோடெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் ஆகிய வரிசைகள் அலுவலகங்களுக்கு மொத்தமாக விற்கப்பட்டவை. சென்னை ரிச்சி தெரு மாதிரியான சந்தைகளில் இவை துடைத்துச் சரிபார்த்து ரீஃபர்பிஷ்டு என்ற பெயரில் அடுக்கப்பட்டிருக்கும். இன்டெல் செயலியின் பெயரில் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-6500 என்றால் 6ஆம் தலைமுறை, 2015இல் வந்தது, நான்கு கோர்கள். ஐ5-8500 என்றால் 8ஆம் தலைமுறை, 2018இல் வந்தது, ஆறு கோர்கள். ஐந்திலக்க எண்ணாக இருந்தால் முதல் இரண்டு இலக்கங்கள் தலைமுறையைச் சொல்லும். கடையில் "ஐ7, ஐ7" என்று சொல்லி 3ஆம் தலைமுறையைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஐ7 என்ற சொல்லுக்கு மயங்காமல் எண்ணைப் படியுங்கள்.

விண்டோஸ் 11 ஏற்காத 6, 7ஆம் தலைமுறைக் கணினிகள் லினக்ஸில் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். கையில் பணம் குறைவாக இருந்தால் தயங்காமல் அவற்றை வாங்கலாம். ஆனால் முதல்முறை மாறுகிறவருக்கு என் பரிந்துரை 8ஆம் தலைமுறை. லினக்ஸில் வேகம் கூடும் என்பதைவிட, திரும்பும் வழி திறந்திருக்கும் என்பது முக்கியம். ஆறு மாதம் கழித்து மனம் மாறினாலோ, வேலைக்கு விண்டோஸ் கட்டாயம் என்றானாலோ, அதே பெட்டியில் விண்டோஸ் 11ஐப் போட்டுக்கொள்ளலாம். பயமில்லாமல் மாறுகிறவர்தான் பொறுமையாகக் கற்றுக்கொள்வார்.

இந்த அலுவலகப் பெட்டிகளில் ஒரு குறையும் உண்டு. ஒல்லி வகைக் கேபினெட்டுகளில் எஸ்எம்பிஎஸ் அந்த நிறுவனத்துக்கே உரிய அளவில் இருக்கும். சந்தையில் கிடைக்கும் பொதுவான எஸ்எம்பிஎஸ் உள்ளே போகாது. பெரிய கிராஃபிக்ஸ் அட்டைக்கும் இடமிருக்காது. பிள்ளைகள் பெரிய விளையாட்டுகளை எதிர்பார்த்தால், பொதுவான பாகங்களை வாங்கி அசெம்பிள் செய்துகொள்வதே மேல். அப்போதும் கிராஃபிக்ஸுக்கு ஏஎம்டி ரேடியானைத் தேர்ந்தெடுங்கள், சற்றுப் பழைய மாடலாக. அதன் டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. என்விடியாவுக்குத் தனி டிரைவர் போட வேண்டும். அதற்குச் சுட்டியால் தட்டினால் போதுமான வசதிகள் இன்று இருக்கின்றன. ஆனாலும் முதல் கணினியிலேயே அந்த வேலை எதற்கு? விளையாட்டு இல்லாத வீட்டுக்கு, இன்டெல் செயலியோடு சேர்ந்தே வரும் கிராஃபிக்ஸ் தாராளம். ஒன்றை மட்டும் பாருங்கள்: இன்டெல் எண்ணின் முடிவில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அந்தச் செயலியில் கிராஃபிக்ஸ் இல்லை, தனி அட்டை இல்லாமல் திரையில் ஒன்றும் வராது.

ராம் 8 ஜிபி இருந்தால் நிம்மதி, 16 ஜிபி இருந்தால் நெடுநாள் நிம்மதி. வட்டு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எஸ்எஸ்டி இருந்தே ஆக வேண்டும். சுழலும் ஹார்டு டிஸ்க் உள்ள ஐ7ஐவிட எஸ்எஸ்டி உள்ள ஐ3 கைக்கு வேகமாக இருக்கும். சுழல் வட்டில் எழுத்தைத் தேடும் முனை ஒவ்வொரு சிறு கோப்புக்கும் நகர்ந்து நகர்ந்து போக வேண்டியிருக்கிறது; எஸ்எஸ்டியில் நகரும் உறுப்பே கிடையாது. இயங்குதளத்துக்கு 256 ஜிபி எஸ்எஸ்டி போதும். பழைய ஹார்டு டிஸ்க் படங்களைச் சேமிக்கப் பக்கத்தில் இருக்கட்டும்.

இனி கடைக்குப் போகலாம். கையில் ஒரு 8 ஜிபி பென் டிரைவ் வேண்டும். முந்தின நாளே லினக்ஸ் மின்ட்டைப் பதிவிறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற இலவச மென்பொருளால் அந்தப் பென் டிரைவில் எழுதிவிடுங்கள். அதில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதால் வெற்று பென் டிரைவ் நல்லது. உபுண்டு, டெபியன், ஃபெடோரா என்று லினக்ஸில் பல வகைகள் உண்டு. எது சிறந்தது என்று ஆராய்வதில் மாதங்களைச் செலவிட வேண்டாம். விண்டோஸிலிருந்து வருகிறவருக்கு மின்ட்டின் சின்னமன் பதிப்பு பழகிய வீடு போல இருக்கும். இடது கீழ் மூலையில் மெனு, வலது கீழ் மூலையில் கடிகாரம். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும்.

கடையில் கணினியை இயக்கியதும் எஃப்12 விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். சில பெட்டிகளில் எஃப்9 அல்லது எஸ்கேப் விசையாக இருக்கும். பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், இரண்டொரு நிமிடத்தில் முழு மின்ட்டும் பென் டிரைவிலிருந்தே இயங்கும். கடைக்காரர் பதறக்கூடும். "நிறுவு என்ற படத்தை நான் தொடப் போவதில்லை, அண்ணே. உங்கள் வட்டில் எதுவும் மாறாது. பார்த்துவிட்டு எடுத்துவிடுகிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் வைஃபை பட்டியலில் கடையின் இணைப்பு தெரிகிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கரைச் செருகி ஒலி கேட்கிறதா என்று பாருங்கள். எல்லா யூஎஸ்பி துளைகளிலும் சுட்டியை மாற்றி மாற்றிச் செருகுங்கள். கணினியைத் தூங்கவைத்து எழுப்புங்கள். எழும்போது திரை திரும்பி வர வேண்டும். கணினியின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸுக்குள் நுழைந்து, கடவுச்சொல் கேட்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அலுவலகம் போட்ட பயாஸ் பூட்டோடு வரும் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனால் பிறகு அலைச்சல்தான். உங்கள் மானிட்டரில் எந்தத் துளை இருக்கிறது என்பதையும் வீட்டிலேயே குறித்துக்கொண்டு போங்கள். அலுவலகக் கணினிகள் பலவற்றில் எச்டிஎம்ஐ இல்லாமல் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் இருக்கும். அதற்கு ஒரு மாற்றியைச் சேர்த்தே வாங்கிவிடலாம்.

அந்தப் பென் டிரைவ் நிறைவாக இயங்கினால், அந்தப் பெட்டியை வாங்கலாம். என்னைக் கேட்டால் வேறெந்த ஆலோசனையைவிடவும் இந்தச் சோதனை பெரியது. வீட்டில் நிறுவும்போது, வட்டே கண்ணுக்குத் தெரியவில்லை என்று மின்ட் சொன்னால் வட்டு கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். அலுவலகக் கணினிகள் சிலவற்றில் பயாஸின் வட்டு அமைப்பு ரெய்டு என்று இருக்கும். அதை ஏஎச்சிஐ என்று மாற்றினால் தெரிந்துவிடும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனியாகச் சில சொற்கள். என்எச்எம் ரைட்டர் விண்டோஸுக்கானது, லினக்ஸில் வராது. அதற்காக வருந்த வேண்டாம். ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளில் தமிழ்99, ஒலியியல் உள்ளிட்ட விசைப்பலகைகள் கிடைக்கின்றன. தமிழ்99இல் பழகிய விரல்களுக்குப் புது ஊரிலும் அதே விசைகள்தான். யூனிகோடில் எழுதிய கோப்புகள் எந்தச் சிக்கலும் இல்லாமல் திறக்கும். லதா, நிர்மலா போன்ற எழுத்துருக்கள் விண்டோஸோடு வருபவை என்பதால் லினக்ஸ் வேறொரு தமிழ் எழுத்துருவை அந்த இடத்தில் போடும். எழுத்தின் அகலம் மாறுவதால், பதினொரு பக்கத்தில் முடிந்த ஆவணம் பன்னிரண்டாம் பக்கத்துக்கு இரண்டு வரி நீளலாம். பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்கங்களில் கோப்பு வைத்திருப்பவர்கள், மாறுவதற்கு முன்பே அவற்றை யூனிகோடாக மாற்றி வைத்துக்கொள்வது நல்லது. நாளைக்கு எந்தக் கணினிக்குப் போனாலும் அது உதவும்.

அச்சுப்பொறி வைத்திருப்பவர்கள் அதன் மாடல் பெயரையும் சோதனைப் பட்டியலில் சேருங்கள். எச்பியின் அச்சுப்பொறிகளுக்கு லினக்ஸில் நெடுங்கால ஆதரவு உண்டு. கைபேசியிலிருந்தே அச்சிட உதவும் ஏர்பிரிண்ட் வசதி உள்ள புதிய அச்சுப்பொறிகள் பெரும்பாலும் டிரைவரே கேட்காமல் வேலை செய்யும். பழைய மலிவு லேசர் அச்சுப்பொறிகள் சிலவற்றில்தான் தொல்லை.

மேசைக் கணினிக்கு மின்கலம் இல்லை என்பதை மடிக்கணினியிலிருந்து வருகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். இயங்குதளம் நிறுவப்பட்டுக்கொண்டிருக்கும்போதோ, கெர்னல் புதுப்பிக்கப்படும்போதோ மின்சாரம் போனால் மறுநாள் கணினி எழாமலே போகலாம். ஒரு சிறிய யூபிஎஸ் இருந்தால் ஒழுங்காக அணைக்க நேரம் கிடைக்கும். ராமை இரட்டிப்பாக்க ஒதுக்கிய பணத்தில் முதலில் யூபிஎஸ் வாங்குங்கள்.

கடைசியாகப் பழைய கணினி. அதன் வட்டை அழித்துவிடாதீர்கள். விண்டோஸ் இன்னும் இயங்கும்போதே, வட்டைப் பிறர் படிக்காமல் பூட்டும் பிட்லாக்கர் இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள், விண்டோஸை முழுமையாக அணையவிடாத ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் நிறுத்திவிட்டு முறைப்படி அணையுங்கள். பிறகு வட்டைக் கழற்றி, யூஎஸ்பி உறை ஒன்றில் போட்டுப் புதிய கணினியில் செருகினால், விண்டோஸின் கோப்பு அமைப்பை லினக்ஸ் நேரடியாகப் படிக்கும். படங்கள், கடிதங்கள், பிள்ளைகளின் சான்றிதழ் நகல்கள் எல்லாவற்றையும் நகலெடுத்த பிறகும், அந்த வட்டை ஒரு துணியில் சுற்றி மூன்று மாதம் அலமாரியில் வைத்திருங்கள். ஏதோ ஒரு கோப்பை மறந்திருப்பீர்கள். அது தேவைப்படும் நாளும் வரும்.